பாடியவள் பெயர்

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்த சான்றோர் செய்த நற்பணிகளுள் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. பாட்டு கைக்கு வந்து, பாடினார் பெயர் வாராதுபோன பல இடங்களில், அப்பாட்டை அநாதையாக விட்டுவிட அவர்கள் மனங்கொள்ளவில்லை. பாட்டினுள்ளே ஒளிவிட்டு நின்ற தொடர் ஒன்றை எடுத்து, அதனையே புலவருக்குப் பெயராகச் சூட்டினர். குறுந்தொகையில் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேர் உழவனார் என வழங்கும் பெயர்கள் இவ்வாறு பிறந்தனவே. பெற்றோர் இட்ட பெயர் அழிந்தாலும், பாட்டு இட்ட பெயர் நிலைத்தது. புலமைக்குச் செய்யும் மரியாதை இதனினும் வேறு உண்டோ?

இச்சிறப்புக்கு ஒரு மறுபுறமும் உண்டு. தந்தையை இழந்து, பறம்பு மலையையும் இழந்து, நிலாக் காலத்தை எண்ணி அழுத பாட்டு புறநானூற்றின் 112-ஆம் செய்யுள். அதைப் பாடியோர் ‘பாரி மகளிர்’ என்றே குறிக்கப்படுகின்றனர். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பின்வந்த வழக்கே தவிர நூல் தரும் செய்தியல்ல. வேந்தர் மூவரும் கூடி முற்றிய குறுநில மன்னன் மக்களாய்ப் பிறந்தும், ஈடிணையற்ற கையறுநிலை ஒன்றைப் பாடியும், அவர்கள் தந்தை பெயராலேயே அறியப்படுகின்றனர். மன்னன் மகளிர்க்கே இந்நிலையென்றால், தோட்டத்து லயத்தில் பிணத்தருகே அமர்ந்து பாடிய மூதாட்டியின் பெயரை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கையடக்கத் திறன்பேசி ஒன்று இருந்தால் எந்தப் பெண்ணும் தன் குரலை உலகின் காதில் போடலாம், தன் கலையைத் தானே அரங்கேற்றலாம், அதனால் ஆற்றலும் பெறலாம் என்று இந்நாளில் உறுதியாகச் சொல்லப்படுகிறது. சமூக ஊடகங்கள் பெண் கலைஞர்க்குக் குரல் கொடுத்தன என்பது உண்மையே, மறுப்பார் இலர். ஆனால் குரல் வேறு, பெயர் வேறு, உரிமை வேறு. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து சேரும் என்று கருதுவோர் அண்மைக்கால வரலாறு ஒன்றை ஊன்றி நோக்குதல் நலம். அவ்வரலாறு நமக்கு அயலானதன்று. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் ஒப்பாரியில் தொடங்கிய வரலாறு அது.

நாட்டுப் பாடல்களை ஏட்டில் ஏற்றிய பெரியோர் தமிழுக்குச் செய்த தொண்டு அளப்பரிது. மு. அருணாசலம் 1943-இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’யை வெளியிட்டார். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958-இல் வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வந்தது. இவர்கள் இல்லையேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பாடியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். எனினும் ஒன்று கூறாமல் இருத்தல் இயலாது. இத்தொகுப்புகளில் தொகுத்தவர் பெயர் தெரிகிறது; பல இடங்களில் ஊர் தெரிகிறது; பாடிய பெண்ணின் பெயர் அரிதாகவே தெரிகிறது. ‘நாட்டார் பாடல் எல்லார்க்கும் பொது, அதற்கு ஆசிரியர் இல்லை’ என்ற கொள்கை அந்நாளில் ஓங்கியிருந்தமையே இதற்குக் காரணம். கொள்கை முழுதும் பிழையன்று. தாலாட்டின் மெட்டும் ஒப்பாரியின் உவமைகளும் பலர் வாய்ப்பட்டுப் பழகியவையே. ஆயினும் ஒரு குறிப்பிட்ட இழவு வீட்டில், ஒரு குறிப்பிட்ட கணவனை இழந்தவள், அந்தப் பொது மெட்டுக்குள் தன் மாமியாரையும் தன் உடன்பிறந்தானையும் நிறுத்திக் கணக்குக் கேட்டபோது, அந்தக் கணக்கு பொதுவன்று; அவளுடையது.

ஒப்பாரியின் தனித்தன்மையே இதில்தான் இருக்கிறது. மற்ற நாளில் வாய் திறவாதவள் அன்று பேசலாம். சீர் கொண்டு வாராத அண்ணனை இடித்துரைக்கலாம். வயிற்றுக்குச் சோறிடாத கொழுந்தியாளைக் குறிப்பாகச் சாடலாம். சொத்தில் பங்கு மறுத்தவனைப் பொன்னென்றும் மணியென்றும் புகழ்வதுபோல் புகழ்ந்து ஊரறியச் சிறுமைப்படுத்தலாம். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்திருக்க, ஒருத்தி விட்ட இடத்தில் மற்றொருத்தி எடுப்பாள். பெண்ணுக்குக் கிடைத்த மிகப் பழைய பொதுமேடை அது என்றால் மிகையாகாது. பாட்டென்று சொன்னால் அவளே ஒப்ப மாட்டாள், ‘அழுகை’ என்பாள். அது கலை என்பதை ஏட்டுக்காரர்தாம் பின்னர்க் கண்டு சொன்னார்கள்.

கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இச்செய்தியில் தனிப்பங்கு உண்டு. ‘தென்னமரம்’ எனத் தமிழ் ஒலிக்கும் பெயர் தாங்கிய தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் செம்பனை முதன்முதலாக வாணிக முறையில் நடப்பட்டது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சு நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கொங்கூர் பரிசு கிடைத்தது. அந்நாவலில் தமிழ்த் தொழிலாளரும் உலவுகின்றனர். சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டம் உலக இலக்கியத்தில் இடம்பெற்றது என்று பெருமைகொள்ளலாம்; தவறில்லை. ஆனால் அதே ஆற்றங்கரையில், அதே ஆண்டுகளில், விடியலுக்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரக் காட்டில் மங்கு துடைத்த பெண்கள் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் எங்கே? துரை எழுதியது அச்சாகிப் பரிசும் பெற்றது. பெண்கள் பாடியது காற்றோடு போயிற்று. இரண்டுக்கும் இடையே இருந்தது திறமையில் உள்ள வேறுபாடு அன்று. எழுத்தும் அச்சும் யார் கையில் இருந்தன என்பதே வேறுபாடு.

இந்தப் பின்னணியோடு ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டுக்கு வருவோம். 2021 மார்ச்சுத் திங்களில், ஏ. ஆர். ரகுமான் ஆதரவோடு தொடங்கப்பெற்ற ‘மாஜ்ஜா’ என்னும் இசை அமைப்பின் வழியே யூடியூபில் இது வெளிவந்தது. தீ என்னும் பாடகியும் அறிவு என்னும் கவிஞரும் பாடினர். இசை சந்தோஷ் நாராயணன். திரைப்படத்தின் துணையின்றி வந்த பாட்டு, சில மாதங்களுக்குள் 10 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. கோல சிலாங்கூர்க் கல்யாண வீடுகளிலும் ஒலித்தது. பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் ஆடினார்கள். ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒப்பாரியின் வழிவந்த பாட்டு என்று தெரியும்?

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய குடும்பத்தவர். அவர் வாயிலாகக் கேட்ட ஒப்பாரியும் கதையுமே பாட்டின் ஊற்று என்று அறிவு பல இடங்களில் கூறியுள்ளார். காணொளியில் அம்மூதாட்டியே தோன்றுகிறார். இலங்கை மலையகத்தாரின் வரலாறு தமிழாசிரியர் அறியாததன்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் தலையெண்ணிப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. மலேசியாவிலும் 1969-க்குப் பின் வேலை உரிமம் கிடைக்காமல் பல்லாயிரவர் கப்பலேறினர். ஆகவே, வள்ளியம்மாளின் துயரம் நம் தோட்டத்து மக்களுக்குப் பக்கத்து வீட்டுத் துயரம்.

பாட்டின் தலைப்பே ஒரு பாடத்துக்குப் போதுமானது. ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’யே. னகர மெய் சகரத்தின் முன் ஞகரமாவது பேச்சுத் தமிழின் இயல்பு. தோட்டத்துப் பெண் மடியில் கிடந்த குழந்தையையும் ‘எஞ்சாமி’ என்றாள், பாடையில் கிடந்த கணவனையும் ‘எஞ்சாமி’ என்றாள், கங்காணியையும் துரையையும் ‘சாமி’ என்றுதான் கும்பிட்டாள், முனியாண்டியும் சாமிதான். அன்பும் அச்சமும் பக்தியும் அடிமையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. அச்சொல்லின் முன்னே இன்பம் துய்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு வளைத்து வைத்துக் கட்டியிருக்கிறார் கவிஞர். ‘தூய தமிழன்று’ என்று தள்ளுவோர் தள்ளட்டும். துய்ப்பவன் ஒருவன், உழைப்பவன் ஒருவன் என்ற உண்மையை இருசொல் தலைப்பில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு பாட்டு அண்மையில் வந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு முழுதும் ஒரே தரமுடையது என்று சொல்ல இயலாது. தொடக்கத்தில் குயிலோசையோடு விளையாடும் பகுதி குழந்தைப் பாட்டின் எளிமையில் நிற்கிறது. காதுக்கு இனிது, கருத்துக்கு மெலிது. நீர்நிலையும் நிலமும் எல்லா உயிர்க்கும் உரியவை என்னும் பகுதி நல்ல அறம். ஆயின் அறவுரையின் சாயல் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. பாட்டு தன் உயரத்தை எட்டுவது தாளம் தாழ்ந்து ஒப்பாரி எழும் இடத்திலேயே. மரம் வைத்துத் தோட்டம் வளர்த்தவளுக்கு அவ்வளத்தில் ஒரு மிடறு நீரும் வாய்க்கவில்லை என்னும் கருத்து அங்கே வருகிறது. அறிவின் குரல் அவ்விடத்தில் உடைகிறது. உடைவதை மறைக்கவும் இல்லை. பேரன் பாட்டிக்காக அழுகிறான் என்பதைக் காட்டிலும், பாட்டியின் அழுகையைப் பேரன் தன் தொண்டையில் வாங்கிக்கொண்டான் என்பதே பொருந்தும்.

தீயின் குரலைப் பற்றி எழுதியோர் பலர் அதை அலங்காரமென்று கருதி மேலோட்டமாகச் சென்றுவிட்டனர். அது நடுவுநிலை ஆகாது. கரகரப்பும் தாழ்ந்த சுருதியும் கொண்ட குரல் அது; திரையிசை நெடுங்காலம் பெண்ணுக்கு விதித்திருந்த குழைவான உச்சக் குரலுக்கு மாறானது. ‘இறுதிச்சுற்று’ப் படத்திலும் ‘ரவுடி பேபி’யிலும் அக்குரலைக் கேட்டவர் உணர்வர். பெண் இவ்வாறுதான் ஒலிக்க வேண்டும் என்ற வழக்கத்தை அக்குரல் ஆரவாரமின்றி உடைத்தது. அதுவும் கலைஞர் ஒருவரின் தன்வெளிப்பாடே.

பின்னர் நிகழ்ந்தவை வருந்தத் தக்கவை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, அறிவு எழுதிய இரு பாடல்களின் வெற்றியைப் பாராட்டும் முகமாக அட்டைப் படம் வெளியிட்டது. படத்தில் அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்த பின்னரே அறிவுக்குத் தனியே மின்னட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இன்றியே பாட்டு அரங்கேறியது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்ததாகக் காரணம் கூறப்பட்டது. அதன்பின் அறிவு இன்ஸ்டகிராமில் தம் மனக்குறையை வெளியிட்டார். சொல்லும் மெட்டும் தம் உழைப்பு என்றார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் மறுமொழிகளை அதே ஊடகத்தில் வெளியிட்டனர். ஆயிரக்கணக்கானோர் கட்சி பிரிந்து வாதிட்டனர். இளம்பெண் என்பதால் தீயின்மேல் வீசப்பட்ட சொற்கள் பிறர்மேல் வீசப்பட்டவற்றினும் கடுமையாயிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்குக் குரல் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊடகம், அக்குரலைத் தூற்றுவதற்கும் அவ்வளவே வாயில் திறந்து வைத்திருக்கிறது.

இவ்வாதத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்று சென்னை மேடையில் தீயோடு நின்று பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள் என்னும் நாட்டுப்புறப் பாடகி. மேடையில் இல்லாத அறிவைப் பற்றி எல்லாரும் பேசினர். மேடையில் இருந்த மாரியம்மாளைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. அதுபோல, பதிப்புரிமை யாருடையது, வருவாய் யாருடையது என்ற கேள்விகள் கவிஞர், பாடகி, இசையமைப்பாளர், நிறுவனம் என்ற நால்வருக்குள்ளேயே சுழன்றன. வருவாய் தமக்கு வந்து சேரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். ஒப்பாரிக்குரிய வள்ளியம்மாளுக்குப் பங்கென்ன என்ற கேள்வியை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பேரன் கேட்டான், அவன் பாட்டிலேயே பெயரையும் வைத்தான். அவ்வளவில் அவன் பழைய தொகுப்பாளரினும் ஒரு படி மேலே சென்றான் எனலாம்.

இதனோடு ஒப்புநோக்க வேண்டியவர் அட்டப்பாடி நஞ்சியம்மா. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், இருளர் குடியில் பிறந்து ஆடு மேய்த்தவர். தமிழுக்கு உறவான இருள மொழியில் தாமே புனைந்த ‘களக்காத்த’ என்னும் பாட்டை 2020-இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளப் படத்துக்காகப் பாடினார். யூடியூபின் வழியே அது மொழி தெரியாதாரையும் கவர்ந்தது. 2022 ஜூலையில் அவர் இந்தியாவின் சிறந்த பின்னணிப் பாடகியாக அறிவிக்கப்பட்டார். உடனே இசைவாணர் ஒருவர், முறையாக இசை பயிலாதவர்க்கு இவ்விருது தருவது வாழ்நாள் முழுதும் இசைக்கே தந்தவரை அவமதிப்பதாகும் என்று காணொளி வெளியிட்டார். இசைத்துறையினர் பலர் நஞ்சியம்மா பக்கம் நின்றனர்.

வள்ளியம்மாளுக்கும் நஞ்சியம்மாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க. நஞ்சியம்மாவின் பாட்டில் சொல்லும் அவருடையது, குரலும் அவருடையது, பெயரும் அவருடையது. இடையே பேரன் வேண்டியிருக்கவில்லை. தன்வெளிப்பாடு என்ற சொல்லுக்கு முழுப் பொருளில் உரியவர் அவரே. ஆனால் பெயரும் விருதும் பெற்ற பின்னரும், தம் குடும்பத்து நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானோர் பாட்டைக் கேட்டனர் என்பது பட்டாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடவில்லை. ‘ஆற்றல் பெறுதல்’ என்று மேடைகளில் எளிதாகச் சொல்லப்படும் சொல், அட்டப்பாடியில் இப்படித்தான் நின்றது.

இனி நம் பக்கம் வருவோம். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல இடிபட்டன. மக்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய இடங்களின் வீடமைப்புகளுக்கும் அப்பால் கிள்ளான், ஷா ஆலம் வரைக்கும் சிதறினர். லயம் வரிசையாய் இருந்தபோது ஓர் இழவு விழுந்தால் இருபது வீட்டுப் பெண்கள் கூடினர். அடுக்குமாடியில் அது நடவாது. ஒப்பாரிக்கு வேண்டிய வட்டமே கலைந்துபோயிற்று. ஒப்பாரி வல்ல பெண்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் பேத்திமார் கையில் திறன்பேசி இருக்கிறது.

அப்பேத்திமார் டிக்டாக்கிலும் இன்ஸ்டகிராமிலும் வெளியிடுவன எவை? கோலம் இடுவோர் உளர். மருதாணி வரைவோர் உளர். பரதம் ஆடுவோரும், தையல், சமையல், ஒப்பனை காட்டித் தொழில் செய்வோரும் உளர். இவற்றால் வீட்டுக்கு வருவாய் வருவதும், கணவனைக் கேளாமல் கைச்செலவுக்குக் காசு இருப்பதும் சிறு செய்தியல்ல. அவற்றை எள்ளி நகையாடும் ஆண்கள் தம் காப்பிக்கடை அரட்டையால் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்கலாம்.

ஆனால் குரலென்று வரும்போது குறை தெரிகிறது. பெருவாரியானவை திரைப்பாட்டுக்கு உதடு அசைக்கும் காணொளிகள். சொல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. முகம் மட்டும் இவளுடையது. தன்வெளிப்பாடு என்ற பெயரில் பிறர் வெளிப்பாட்டுக்கு முகம் இரவல் கொடுப்பதாகவே அது முடிகிறது. பாட்டியோ எழுத்தறியாதவள், ஆனால் சொந்தச் சொல்லில் அழுதாள். பேத்தி படித்தவள், சிரிப்பதற்கும் இரவல் சொல்லைத் தேடுகிறாள். இதற்குப் பெண்ணை நோவதில் பயனில்லை. எதைக் காட்டினால் பலர் பார்ப்பர் என்று ஊடகத்தின் கணக்குப்பொறி முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. பழகிய மெட்டுக்கு ஆடினால் ஆயிரம் பேர், புதிய சொல்லைச் சொன்னால் பத்துப்பேர். தமிழ் வகுப்பும் ஓரளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். மனனம் செய்து ஒப்புவித்த பேச்சுக்கே பரிசு கொடுத்துப் பழகிய பள்ளிகளிலிருந்து சொந்தச் சொல் எவ்வாறு பிறக்கும்?

மேடை யாருடையது என்பதும் கருதத் தக்கது. இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் ஆடியும் பாடியும் பார்வையாளரைச் சேர்த்திருந்த சிற்றூர்ப் பெண்கள் பலர், சேர்த்தது அத்தனையும் ஒரே இரவில் இழந்தனர். தடைக்கான காரணம் இரு நாட்டு எல்லைப் பூசலோடு தொடர்புடையது. பெண்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தோட்டத்து மக்களுக்கு இது புரியாத செய்தியன்று. லயத்து வீட்டில் முப்பது ஆண்டு குடியிருந்து, வாசலில் முருங்கையும் வாழையும் வைத்து, பெயர் சொல்லும்படி வாழ்ந்தாலும், வீடு தோட்டத்தாருடையதே. தோட்டம் கைமாறினால் முருங்கை மரத்தை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மற்றொரு வழக்கமும் பரவி வருகிறது. இழவு வீட்டில் மூதாட்டி ஒருத்தி ஒப்பாரி எடுத்தால், யாராவது ஓர் இளைஞன் திறன்பேசியை உயர்த்துகிறான். மாலைக்குள் அது உலகமெல்லாம் போய்விடுகிறது. அடியில் சிரிக்கும் முகக்குறிகளும் சேர்ந்துகொள்கின்றன. மூதாட்டியின் இசைவைக் கேட்டவர் இலர், பெயரும் இல்லை, ‘தோட்டத்துப் பாட்டி’ என்ற ஒரு குறிப்பு மட்டும். ஒருபுறம் நோக்கினால், அழியவிருந்த பாட்டு பதிவாகிறது என்ற நன்மை உண்டு. மறுபுறம் நோக்கினால், நம்பிக்கையான வட்டத்துக்குள் ஒருத்தி சொன்ன குடும்பத்துக் கணக்கு சந்தைக்கு வந்துவிடுகிறது. இவ்விரண்டில் பின்னதே கனமானது. ஒப்பாரி பேச்சுரிமை தந்தது, அது கூடியிருந்த பெண்களுக்குள்ளே நின்றதால்தான். கருவி எதிரே இருக்கிறதென்று தெரிந்தால் எந்தப் பெண் தன் அண்ணனைக் கணக்குக் கேட்பாள்? பதிவு செய்யும் ஆவலே பாட்டின் உயிரைக் குடித்துவிடும்.

சட்டம் முற்றிலும் கைவிட்டதென்றும் கூற முடியாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நூலாசிரியர்க்கு மட்டுமன்றி நிகழ்த்துவோர்க்கும் உரிமைகளை வழங்குகிறது. பாடியவள் இசைவின்றி அவள் நிகழ்ச்சியைப் பதிவதும் பரப்புவதும் கேள்விக்குரியன என்பதைத் திறன்பேசி ஏந்திய பேரனும் அறியான், பாடிய பாட்டியும் அறியாள். இவ்வொரு செய்தியை உயர்நிலைத் தமிழ் வகுப்புகளில் ஒரு பாடவேளை பேசலாம். பாட்டியிடம் இசைவு கேட்டு, அவள் வேண்டாமென்ற பகுதியை விட்டு, பெயரும் பிறந்த ஊரும் வேலைசெய்த தோட்டமும் யாரிடம் கற்றாள் என்பதும் சேர்த்து எழுதி வெளியிடுவது மாணவியர்க்கு இயலாத காரியமா? கடல் கடந்து வந்த தம் குடும்பத்தின் கதையை முத்தம்மாள் பழனிசாமி ‘நாடு விட்டு நாடு’ என நூலாக்கியபோது, பெண்ணொருத்தி தன் வீட்டு வரலாற்றைத் தானே சொல்லும் வழி இந்நாட்டில் திறந்துதான் இருந்தது.

தோட்டத்துப் பெண்ணின் குரலைப் பொதுவில் ஒலிப்பதற்கு ஊடகம் தேடிய முயற்சி இன்று தோன்றியதும் அன்று. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் வளர்த்த நாட்களில், அவர் துணைவி மீனாட்சியம்மாள் தாமே பாட்டுகள் இயற்றித் தோட்டந்தோறும் மேடையேறிப் பாடினார். எழுத்தறியாத மக்களுக்குச் செய்தித்தாள் எட்டாது, பாட்டு எட்டும். தெரிந்த மெட்டில் புதிய சொல்லை வைத்தார். கூலி, கடன், குடியுரிமை, கங்காணியின் கொடுமை எல்லாம் பாட்டாயின. இன்றைய இளம்பெண்கள் பழகிய திரைமெட்டை எடுப்பதுபோலவே அவரும் பழகிய மெட்டை எடுத்தார். ஆனால் உதட்டை மட்டும் கடன் கொடுக்கவில்லை, சொல்லைத் தாம் போட்டார். அப்பாட்டுகளில் சிலவற்றைத் தொகுத்து ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு நூலாக 1940-இல் வெளியிட்டார். மெல்லிய நூல்தான். எனினும் அதை இயற்றியவர் பெயர் அதனோடு அச்சாகியிருந்தது. ஆகையால்தான், எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் மலையக இலக்கியம் பேசுவோர் ‘நடேசய்யர் மனைவி’ என்று நில்லாமல், மீனாட்சியம்மாள் என்று பெயர் சொல்லி எழுதுகின்றனர்.